மூலை மேசையில் ஓர் இடம்

மதுக்கடைக்குப் போய் வந்த கதையை ஒருவர் எழுதி அனுப்பினால் நம் சங்கத்து இதழாசிரியர் அதனை அச்சிடுவாரா என்னும் ஐயம் நமக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அறுபத்தெட்டு வயதுவரை காப்பியைத் தவிர வேறு போதை அறியாதவர் நாம். ஆயினும் 2024ஆம் ஆண்டுக் கோடையில், அயர்லாந்து நாட்டில், தொடர்ந்து ஐந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளை மதுக்கடை ஒன்றில் கழித்தோம் என்பது உண்மை. உடன் நம் மனைவியாரும் பதினொரு வயதுப் பேத்தியும் இருந்தனர் என்பது அதனினும் பெரிய உண்மை. முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்து, முழுவதையும் படித்த பின்னர்த் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகிறோம்.

நாகபுரியில் நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் குடும்பம் நம்முடையது. இரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றோம். இளமையில் கும்பகோணத்தில் ஓர் ஆசிரியரிடம் பத்தாண்டுகள் பிடில் கற்றோம். வித்வானாகும் அளவுக்குத் திறமை இல்லை. விட்டுவிடும் அளவுக்கு வெறுப்பும் இல்லை. ஆகவே நம் ஊரில் சனிக்கிழமைதோறும் நடைபெறும் சங்கீதக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து, யார் பாடினாலும் பின்தொடர்ந்து வாசிக்கும் உரிமையை நாமே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

நம் மகள் அயர்லாந்தின் மேற்குப் பகுதியில், கிளேர் மாவட்டத்துத் தலைநகராகிய எனிஸில் செவிலியாகப் பணியாற்றுகிறாள். முப்பதாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர்; நடுவே பெர்கஸ் என்னும் ஆறு ஓடுகிறது. பேத்திக்கு ஆறு வயதானபோது சிறு பிடில் ஒன்றை வாங்கி அனுப்பினோம். வாரந்தோறும் கைப்பேசித் திரையின் வழியே சரளி வரிசை, ஜண்டை வரிசை, சில நோட்டு சுரங்கள் என்று சொல்லிக் கொடுத்தோம். மூன்றாண்டுகள் இவ்வாறு சென்றன. பின்னர் ஒருநாள் மகள் மெல்லத் தெரிவித்தாள்: “அப்பா, அவளுக்கு இந்த ஊர்ப் பிடிலில்தான் மனம் போகிறது. பள்ளியில் கற்றுத் தருகிறார்கள். நீங்கள் வருத்தப்படக் கூடாது.”

வருத்தப்படாமல் எவ்வாறு இருப்பது? பேச்சில் பாதித் தமிழ் போயிற்று. உணவில் பாதி ரொட்டியாயிற்று. எஞ்சியிருந்த இசையும் போயிற்றே என்று மனம் குமைந்தோம். அக்கோடையில் அயர்லாந்துக்குப் புறப்பட்டபோது நம் பழைய பிடிலையும் கையோடு எடுத்துச் சென்றோம். பேத்தியை மீட்டுக்கொண்டு வருவதே நோக்கம் என்பதை மனைவியாரிடம்கூடச் சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறு மாலை பேத்தி தன் பிடிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, “தாத்தா, செஷனுக்கு வாங்க” என்று அழைத்தாள். எங்கே என்று கேட்டோம். “பப்புக்கு” என்றாள். நம் மனைவியார் ‘முருகா’ என்று அமர்ந்துவிட்டார்.

அங்குள்ள பப் என்பது நாம் எண்ணியிருந்த கடை அன்று. ஊரார் கூடும் திண்ணை என்றே அதனைச் சொல்லல் வேண்டும். பாட்டியர் தேநீர்க் குடுவையோடு அமர்ந்திருக்கின்றனர். குழந்தைகள் பெற்றோரோடு வருகின்றனர். பதினெட்டு வயது நிரம்பாதவர் கோடையில் இரவு பத்து மணிக்குள்ளும் மற்றக் காலத்தில் ஒன்பது மணிக்குள்ளும் வெளியேறிவிடல் வேண்டும் என்பது சட்டம். 2004ஆம் ஆண்டு முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை. மது அருந்துவோர் இருக்கவே செய்தனர். ஆனால் நம்மைக் குடிக்கும்படி எவரும் வற்புறுத்தவில்லை. கேட்டவுடன் பாலும் சர்க்கரையும் தனித்தனியே வைத்துத் தேநீர் கொணர்ந்தனர். மனைவியார் சற்று ஆறுதல் அடைந்தார்.

மூலையில் ஒரு மேசை. அதனைச் சுற்றி எட்டுப் பத்து நாற்காலிகள். அவை இசைப்போருக்கென்றே காலியாக விடப்பட்டவை; பிறர் அமரார். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, அறிவிப்பாளரும் இல்லை. வந்தவர்கள் அவையோரை நோக்கி அமராமல் ஒருவரை ஒருவர் நோக்கி வட்டமாக அமர்ந்தனர். பாதிப்பேர் முதுகைத்தான் நம்மால் காண முடிந்தது. இது கச்சேரி அன்று. தமக்குள்ளே நிகழ்த்திக்கொள்ளும் உரையாடல் என்பது அப்போதே நமக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

வாத்தியங்களைச் சொல்கிறோம். வயலினை அவர்களும் பிடில் என்றே அழைக்கின்றனர். நம் பாட்டனார் காலத்துச் சொல்லை அயல்நாட்டில் கேட்டதில் ஒரு மகிழ்ச்சி. மரத்தால் ஆகிய புல்லாங்குழல், ஆறு துளையுடைய தகரக் குழல், இரு கைகளுக்கிடையே விரிந்து சுருங்கும் கான்செர்ட்டினா என்னும் சிறு துருத்தி வாத்தியம், முழங்கையால் துருத்தியை அழுத்தி ஊதும் இல்லன் பைப் ஆகியவை இருந்தன. இந்தப் பைப் இசையை 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. தாளத்துக்கு, வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் போர்த்திச் சிறு கோலால் அடிக்கும் பௌரான். பார்வைக்கு நம் ஊர்த் தப்பட்டையின் தம்பி போல் இருக்கும்.

எவரோ ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மெட்டைத் தொடங்குவார். அதனை அறிந்தவர் ஓரிரு தாள அளவுக்குள் சேர்ந்துகொள்வர். மெட்டு என்பது பெரும்பாலும் இரண்டே பகுதி. ஒவ்வொன்றும் எட்டு அளவு. ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் ஒரு சுற்று. இவ்வாறு மூன்று சுற்று வந்தவுடன், தொடங்கியவர் கண்ணால் ஒரு குறிப்புக் காட்ட, நிறுத்தாமலேயே அடுத்த மெட்டுக்குத் தாவுகின்றனர். இரண்டு மூன்று மெட்டுக்கள் சேர்ந்தது ஒரு கோவை. ரீல் என்பது நம் சதுச்ர நடை. ஜிக் என்பது திச்ரம். ஸ்லிப் ஜிக் என்பதில் மும்மூன்றாக ஒன்பது எண்ணிக்கை வரும். ஏட்டைப் பார்த்து வாசிப்பவர் அங்கே ஒருவரும் இல்லை. மெட்டின் பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரியவில்லை; விரல்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

இங்கேதான் நாம் தவறு செய்தோம்.

பிடிலோடு வந்திருப்பதைக் கண்டு, தலைமைப் பிடில் வாசித்த பள்ளியாசிரியை ஒருவர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அமரச் சொன்னார். ஐந்து நிமிடம் கேட்டோம். ‘இது சங்கராபரணம்தானே!’ என்று தோன்றியது. பாடகர் பாடியதை நிழல்போல் பின்தொடர்ந்து வாசிப்பது நம் பக்கவாத்திய மரபு; முன்பின் அறியாத கீர்த்தனையாயினும் ராகம் பிடிபட்டால் போதும். அந்தத் துணிவில் வில்லை எடுத்துவிட்டோம். அவர்கள் சென்ற வழியெல்லாம் அரை அடி பின்னால் ஓடினோம். இடைவெளி கண்ட இடமெல்லாம் கமகத்தால் நிரப்பினோம். போதாக்குறைக்கு வலக்காலால் தரையில் ஓங்கித் தாளமும் போட்டோம். இரண்டாம் சுற்றில் பௌரான் வாசித்த இளைஞன் தடுமாறினான். மூன்றாம் சுற்றில் ஒருவர்பின் ஒருவராக வாத்தியங்கள் அடங்கின. கடைசியில் நம் பிடில் ஒன்றே தனியாக ஒலித்துக்கொண்டிருந்தது.

எவரும் ஒரு சொல் கடிந்துரைக்கவில்லை. ஆனால் பேத்தியின் முகம் சிவந்து கண்ணில் நீர் நின்றது. நம் காதருகே வந்து, “தாத்தா, தெரிந்த மெட்டு வந்தால்தான் வாசிக்கணும். தெரியாவிட்டால் வில்லை மடியில் வைத்துக்கொள்ளணும். முதல் வகுப்பிலேயே எங்களுக்கு அதைத்தான் சொன்னார்கள்” என்றாள். பதினொரு வயதுக் குழந்தையிடம் பாடம் கேட்க நேர்ந்ததே என்று கூசிப்போனோம்.

அடுத்த கோவை தொடங்குமுன், குழல் வாசித்த முதியவர் ஒருவர் நாற்காலியை நம் பக்கம் நகர்த்தினார். எண்பது வயது இருக்கலாம். குரலைத் தாழ்த்தி, நமக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். உங்கள் கை நல்ல கை. ஆனால் இந்த மெட்டுக்கள் உங்களுக்குப் புதியவை. சில வாரம் கேட்டுக்கொண்டிருங்கள். ஒரு மெட்டு தானாக வந்து உங்கள் விரலில் உட்காரும். அப்போது வாசியுங்கள் என்றார். “அடுத்த ஞாயிறும் இந்த நாற்காலி உங்களுடையது” என்றும் சேர்த்துச் சொன்னார். பிறகு தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

அன்று வெளியே வந்தபோது மணி ஒன்பதரை. அந்நாட்டு ஆனி மாதத்தில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது. வெளிச்சத்தில் நடந்து செல்வது மிகவும் சங்கடமாக இருந்தது. இருட்டாயிருந்தால் நம் முகத்தை மனைவியார் பார்த்திருக்க மாட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவமானத்தால் மட்டும் அன்று. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் நடந்த ஒன்று திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

தியாகராஜ ஆராதனைக்காகச் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தாயார் அழைத்து வந்து ஜமக்காளத்தின் ஓரத்தில் அமர்த்தினார். அவனும் பிடில் கற்றுக்கொண்டிருந்தான். எல்லாரும் சேர்ந்து வாசித்தபோது அவனும் ஆசையோடு வில்லை எடுத்தான். சுருதி சேரவில்லை, சாகித்தியமும் தெரியவில்லை. நாம் கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தினோம். “முதலில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வா, அப்பா. இது விளையாட்டு மேடை அன்று” என்று இருபது பேர் முன்னிலையில் சொன்னோம். சிறுவன் பிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். அவன் தாயார் ஒன்றும் பேசவில்லை. ஒத்திகை முடியும்வரை இருவரும் அமர்ந்திருந்து, பின் எழுந்து சென்றனர். அதன்பின் அவன் வரவில்லை. பிடிலையும் விட்டுவிட்டான் என்று சில மாதம் கழித்துக் கேள்விப்பட்டோம். ‘உறுதி இல்லாதவன்’ என்று எண்ணியதோடு சரி. அவனை மறந்தும் போனோம்.

எனிஸ் நகரத்துப் படுக்கையில் அவன் பெட்டியைப் பூட்டிய ஓசை கேட்டது.

நாம் அவனிடம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அறியாததை வாசிக்கலாகாது என்பது அங்கும் சட்டம், இங்கும் சட்டம். சொல்லப்போனால் அவர்கள் சட்டம் நம்முடையதைவிடக் கடுமையானது. ஒரு நேரத்தில் ஒரு பௌரானுக்கு மேல் ஒலிக்கலாகாது; இரண்டாமவர் தம் முறைக்குக் காத்திருப்பார். கேளாமல் இசைப்போர் நாற்காலியில் அமரலாகாது. ஒருவர் தனித்துப் பாடத் தொடங்கினால் கடை முழுவதும் பேச்சடங்க வேண்டும். இரண்டு மெட்டுக்கு நடுவே கைபோன போக்கில் கிறுக்குவதும் குற்றமே. இத்தனை கட்டுப்பாடு இருந்தும் நம்மைத் திரும்ப வரச் சொன்னார்கள். வேறுபாடு யாதென்று பொழுது விடியும்வரை எண்ணிப் பார்த்தோம். அவர்கள் தடுத்தது நம் வில்லை, நம்மை அன்று. நாம் தடுத்தது சிறுவனை.

இரண்டாம் ஞாயிறு பிடிலை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சென்றோம். முதியவர் சொன்னபடியே அந்த நாற்காலி காலியாக இருந்தது.

அன்று இடைவேளையில் நம் மனைவியார், அவருக்கே உரிய துணிவோடு, முதியவரைக் கேட்டுவிட்டார்: “இவ்வளவு நல்ல சங்கீதத்தை வீட்டிலோ கோயிலிலோ வைத்துக்கொள்ளாமல் ஏன் ஐயா இந்த இடத்தில் வைத்துக்கொண்டீர்கள்?” பேத்தி மொழிபெயர்த்தாள். முதியவர் சிரித்தார். முன்பெல்லாம் வீட்டில்தான் இருந்தது என்றார்.

அவர் சொன்னவற்றோடு பின்னர் நாம் படித்தறிந்ததையும் சேர்த்து எழுதுகிறோம். பழங்காலத்தில் அவ்விசை சமையலறையிலும் நாற்சந்தியிலும் வாழ்ந்தது. அண்டை அயலார் கூடி, ஒருவர் பிடில் வாசிக்க, மற்றவர் ஆடுவர். 1935ஆம் ஆண்டில் பொது நடனங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. பாதிரிமாரும் காவலரும் வீட்டு நடனங்களையும் கண்டிக்கத் தலைப்பட்டனர். சமையலறை இசை மங்கலாயிற்று. அதனோடு வறுமையும் வேலையின்மையும் ஊரைக் காலி செய்தன. 1951ஆம் ஆண்டுக்கும் 1961ஆம் ஆண்டுக்கும் இடையே மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுச் சென்றனர். அப்போது நாட்டின் மக்கள் தொகையே முப்பது லட்சத்துக்குக் குறைவு. பெரும்பாலோர் சென்றது இங்கிலாந்துக்கு.

முதியவரும் அவ்வாறு சென்றவரே. 1960களில் லண்டனில் கட்டட வேலை செய்தார். ஓர் அறையில் நான்கு பேர். இரவில் குழலை எடுத்தால் வீட்டுக்காரி கதவைத் தட்டுவாள். இசைக்கச் சமையலறை இல்லை, நாற்சந்தி இல்லை. எஞ்சியது தெருமுனை மதுக்கடையின் மூலை ஒன்றே. கேம்டன் டவுன், கெண்டிஷ் டவுன் முதலிய பகுதிகளில் இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே ஐரிஷ் தொழிலாளர் இவ்வாறு மதுக்கடைகளில் கூடி வாசிக்கத் தொடங்கியிருந்தனர். ஒருவர் கிளேர் மாவட்டத்தார், ஒருவர் ஸ்லைகோ, ஒருவர் கெர்ரி. ஊரில் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கவே மாட்டார்கள். எல்லாருக்கும் பொதுவான மெட்டு எது என்று தேடித் தேடி வாசித்தனர். அந்தப் பழக்கமே பின்னர்க் கடல் கடந்து தாய்நாட்டுக்குத் திரும்பி, இன்று பழம்பெரும் வழக்கம்போல் காட்சி அளிக்கிறது.

வேறு சான்றுகளும் உண்டு. கார்க் மாவட்டத்தில் 1848இல் பிறந்து அமெரிக்கா சென்று, சிகாகோ நகரத்துக் காவல்துறைத் தலைவராக உயர்ந்த பிரான்சிஸ் ஓநீல் என்பவர், அந்நகரத்து ஐரிஷ் மக்களிடம் கேட்டுத் தொகுத்த 1,850 மெட்டுக்களை 1903இல் நூலாக வெளியிட்டார். ஸ்லைகோ மாவட்டத்துப் பிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன், 1920களில் நியூயார்க்கில் பதிவு செய்த இசைத்தட்டுக்கள் கப்பலேறித் தாய்நாட்டுக்கு வர, ஊரில் இருந்தவர்கள் அவற்றைக் கேட்டுத் தம் வாசிப்பைத் திருத்திக்கொண்டனர். தாய்நாட்டிலோ 1951ஆம் ஆண்டில்தான் மல்லிங்கர் நகரில் இசைவாணர்கள் கூடிச் சங்கம் கண்டனர்; ஆண்டுதோறும் இசைவிழாவும் தொடங்கினர். சென்றவரும் இருந்தவரும் சேர்ந்தே அதனைக் காத்தனர் என்க.

இதனைக் கேட்டபோது நமக்கு நம் சங்கம் நினைவுக்கு வந்தது. தஞ்சாவூர்க்காரரும் திருநெல்வேலிக்காரரும் கோயமுத்தூர்க்காரரும் ஊரில் இருந்திருந்தால் ஒரே ஜமக்காளத்தில் அமர்ந்திருப்போமா? அறை வாடகையும் அயல் மொழியும் அல்லவா நம்மை ஒன்று சேர்த்தன!

மூன்றாம் ஞாயிறும் கேட்டோம். குறிப்பேட்டில் சுரப்படுத்தி எழுதிக்கொள்ள முயன்றோம்; எழுதியது இசையின் எலும்பாக மட்டும் நின்றது. வில்லின் ஓட்டத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. நம் இசையில் ஒரு சுரத்தை அசைத்து அழகு செய்வோம். அவர்கள் சுரத்துக்கு முன்னும் பின்னும் சிறு துளிகளைத் தெறிக்கவிட்டு அழகு செய்கின்றனர். பேத்தியை வீட்டில் அமர்த்தி, “சொல்லிக் கொடு, குழந்தாய்” என்று கேட்டோம். அவள் நாற்காலியில் அமர்ந்து மோவாயின் கீழ்ப் பிடிலை வைத்துக்கொண்டாள். நாம் தரையில் அமர்ந்து பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டோம். ஒரு ஜிக்கை எட்டு எட்டு அளவாகப் பிரித்துக் கற்றுத் தந்தாள். “தாத்தா, அவசரப்படாதீங்க” என்று அவள் நாற்பது முறையாவது சொல்லியிருப்பாள். அவளுக்குச் சரளி வரிசை கற்பித்த காலத்தில் நாமும் அதே சொல்லைத்தான் அத்தனை முறை சொல்லியிருந்தோம்.

நான்காம் ஞாயிறு, அந்த ஒரே ஒரு ஜிக் வந்தது. வாசித்தோம். அடுத்த மெட்டுக்கு அவர்கள் தாவியவுடன் வில்லை மடியில் வைத்துக்கொண்டோம். எவரும் கைதட்டவில்லை. முதியவர் குழலிலிருந்து வாயை எடுக்காமலே புருவத்தை மட்டும் உயர்த்தினார். எந்தப் பொன்னாடைக்கும் நாம் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

ஐந்தாம் ஞாயிறு நாம் ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு. செய்தி அறிந்த பள்ளியாசிரியை, உங்கள் ஊர் இசையில் ஒன்று வாசியுங்கள் என்றார். மேசை அமைதியாயிற்று. என்ன வாசிப்பது? கல்யாணியில் ஒரு பெரிய கீர்த்தனையை எடுத்து நம் இசையின் ஆழத்தைக் காட்டலாம் என்றது ஒரு மனம். பேத்தியும் சேர்ந்து வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும் என்றது மற்றொரு மனம். அவளுக்கு ஏழு வயதில் சொல்லிக் கொடுத்த நோட்டு சுரம் ஒன்று நினைவுக்கு வந்தது: முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய ‘வந்தே மீனாட்சி’. சுருதியை அவர்களுக்கு ஏற்ப இரண்டு கட்டைக்கு வைத்துத் தொடங்கினோம். பேத்தி உடனே சேர்ந்துகொண்டாள்.

முதற்பகுதி முடியவில்லை; முதியவரின் குழல் உள்ளே நுழைந்தது. அடுத்துக் கான்செர்ட்டினா. அடுத்துப் பள்ளியாசிரியை. இரண்டாம் சுற்றில் மேசை முழுவதும் வாசித்துக்கொண்டிருந்தது. அருகே தாயின் மடியில் இருந்த சிறுவன்கூடத் தகரக் குழலை எடுத்துக்கொண்டான். நாம் திகைத்து வில்லை நிறுத்திவிடப் பார்த்தோம். மதுரை மீனாட்சியின் மேல் தீட்சிதர் பாடியது இவர்களுக்கு எவ்வாறு தெரியும்?

மூன்று சுற்று முடிந்ததும் ஒரே சிரிப்பும் வியப்பும். இது ‘ரேக்ஸ் ஆஃப் மேலோ’ அல்லவா, தெற்கே கார்க் மாவட்டத்து மேலோ நகரத்து மெட்டு அல்லவா, உங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்டனர். சிற்சில வளைவுகள் வேறு, உருவம் ஒன்றே. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அச்சேறிய பழைய மெட்டாம். பள்ளிக் குழந்தைகள் முதன்முதலில் கற்கும் போல்காக்களுள் ஒன்றாம்.

நாம் அறிந்ததைச் சொன்னோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னைக்கு அருகே மணலியில் தீட்சிதர் குடும்பம் தங்கியிருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் ஐரோப்பிய பாண்டு இசையைச் சகோதரர்கள் கேட்டனர். அம்மெட்டுக்களுக்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். அவ்வாறு அமைந்தவை ஏறக்குறைய நாற்பது. அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர்தாம் ஐரோப்பியரிடம் பிடில் கற்று அதனை நம் இசைக்குக் கொண்டுவந்தவர். ஆகவே மெட்டும் உங்களுடையது, கருவியும் உங்கள் பக்கத்திலிருந்து வந்ததே என்றோம். முதியவர் தலையை அசைத்தார். இருநூறு ஆண்டு உங்களிடம் இருந்தது என்றால் இனி உங்களுடையதும்தான் என்றார்.

தீட்சிதரும் அவர் தம்பியும் கோட்டையில் எவ்வாறு நின்றிருப்பார்கள் என்று அன்று எண்ணிப் பார்த்தோம். வில்லை மடியில் வைத்துக்கொண்டவர்கள் போலத்தான் முதலில் கேட்டிருப்பார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள்: “தாத்தா, பள்ளியில் பிடில் வகுப்பில் முதல் நாள் இந்த மெட்டைத்தான் வாசித்தார்கள். எனக்கு முன்னாடியே தெரிந்திருந்தது. நீங்கள் சொல்லிக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் அந்த வகுப்பிலேயே இருந்துவிட்டேன்.”

ஆற்றுப் பாலத்தின்மேல் சற்று நேரம் நின்றோம். நம்மிடமிருந்து அவளைக் கொண்டுபோயிற்று என்று எந்தக் கதவை நாம் வெறுத்தோமோ, அந்தக் கதவின் சாவியை நாமே அவள் கையில் கொடுத்திருந்தோம். மீட்டுக்கொண்டு வர வேண்டியது ஒன்றும் இல்லை என்பது விளங்கிற்று. இப்போது வாரம் ஒருநாள் கைப்பேசியில் அவள் நமக்கு ஒரு ஜிக் கற்பிக்கிறாள். நாம் அவளுக்கு ஒரு கீர்த்தனை கற்பிக்கிறோம். இருவரும் மெதுவாகவே முன்னேறுகிறோம்.

ஊர் திரும்பியபின் நம் சனிக்கிழமைக் கூட்டத்தைப் புதிய கண்ணோடு நோக்கினோம். பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நரைத்த தலைகள். பிள்ளைகள் வருவதில்லை என்று மாதந்தோறும் குறைப்பட்டுக்கொள்கிறோம். வந்த பிள்ளையை நாம் என்ன செய்தோம் என்பதை இவ்வளவு காலமும் எவருக்கும் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டோம்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜமக்காளத்தின் ஓரத்தில் இரண்டு பேருக்கு இடம் விட்டு வைப்போம். வருபவர் கற்றவரா, கல்லாதவரா, தமிழில் தடுமாறுபவரா என்று கேளாமல் இருப்போம். தவறு நேர்ந்தால் அருகே சென்று, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வோம். அடுத்த வாரமும் இடம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்வோம். கூட்டத்தின் நடுவே ஒரு நோட்டு சுரமாவது, ஒரு கீதமாவது, குழந்தைகளும் சேரத்தக்கதாக வாசிப்போம். இசையின் தரம் இதனால் தாழாது. எனிஸில் தாழ்ந்ததாக நாம் காணவில்லை.

அந்தச் சிறுவன் இன்று முப்பது வயதைக் கடந்தவன். வேறு நகரத்தில் வேலையில் இருக்கிறான் என்று அறிகிறோம். இவ்விதழ் மாதந்தோறும் அவன் பெற்றோர் இல்லத்துக்குச் செல்கிறது. அவனுக்குக் கடிதம் எழுதப் பலமுறை பேனாவை எடுத்தோம், முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம். தம்பி, அன்று தவறு உன் சுருதியில் மட்டும் இல்லை. விடுமுறையில் ஊருக்கு வந்தால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வா. ஒன்றும் வாசிக்க வேண்டியதில்லை. வில்லை மடியில் வைத்துக்கொண்டு நம் பக்கத்தில் அமர்ந்தால் போதும்.